வினாயகமூர்த்தி அண்ணனின் ஹோர்ன்

கல்லடியில் வினாயகமூர்த்தி அண்ணனைவிட மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஆள் கிடையாது. பின்னால் மீன் பெட்டி, பக்கத்தில் தராசு. முதல் கியரில், கிளச்சைப் பாதி பிடித்தபடி வீடு வீடாக ஊர்ந்து போவார். கால் நிலத்தில் படாது. பட்டால் வண்டி சரியும், சரிந்தால் பெட்டியிலுள்ள ஐஸ் தண்ணீர் அவர் காற்சட்டைக்குள் இறங்கும். பதினெட்டு வருசமாக இப்படித்தான். வாடிக்கை வீட்டு வாசற்படலை வந்தால் ஹோர்ன் அடிப்பார்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அதைக் கேட்டால் மனிசர் சட்டியோடும் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டும் வெளியே வருவார்கள்.

எங்கள் மோட்டார் சைக்கிள் கழகத்தில் சேர அவர் இரண்டு தரம் கேட்டார். "அண்ணே, நாங்க பாசிக்குடாவுக்குப் போய்க் குளிச்சிட்டுத் திரும்பக்குள்ளயும் நீங்க ஏறாவூரைத் தாண்டமாட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தவன் வேறு யாருமில்லை, கழகச் செயலாளராகிய இந்த ஜெயரூபன்தான். மீன் மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை விட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

டஸ்டின் எங்கள் கழகத்துப் பிள்ளை. பக்கத்து ஊர் டச்பாரில் இருக்கிற எத்தல் அன்டியின் ஒரே மகன், இராணுவத்தில் சாரதி. லீவில் வந்தால் காலையில் எங்களோடு பைக் ஓடுவான், ஹோர்ன் கேட்டதும், "அம்மா, வினாயகம் எக்ஸ்பிரஸ் வந்திட்டு, சட்டிய எடுங்க!" என்று கத்துவான். போன மாரியில் மலைநாட்டு வெள்ளத்தில் சிக்கிய சனத்தைப் படகில் ஏற்றி இறக்கினான். நாலு தரம் போய் வந்தவன் ஐந்தாம் தரம் வரவில்லை. கேட்டதும் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மீது என்று இன்றும் தெரியாது.

எத்தல் அன்டி அன்றைக்கு அறைக்குள் போனவர்தான். "நான் பெட்டியப் பாக்கமாட்டன். பாத்தாத்தானே அவன் செத்த மாதிரி" என்று ஒரே சொல்லாக நின்றார். பாதிரியார் வந்து பேசினார், பலனில்லை. டஸ்டினின் தங்கை ஜிலியன் என்னிடம் வந்து அழுதாள்.

"ஜெயரூபன் அண்ணா, அம்மா வெளிய வராட்டி அவன ஆர் வீட்டுக்குள்ள கூப்பிடுற?"

எங்களால் முடிந்தது ஒன்றுதான்: கல்லடிப் பாலத்தடியிலிருந்து வீட்டுப் படலை வரைக்கும் அவனுக்கு முன்னால் பைக்கில் ஓடிக் கூட்டிவருவது. அனுமதி கேட்டுப் போனோம். இராணுவக் கப்டன் நல்ல மனிசன், தெரிந்த தமிழில் சொன்னார்.

"ஓடலாம். சோல்ஜர் நடக்கிற வேகம் மட்டும். கால் கீழே வைக்க ஏலாது. ஹோர்ன் வேண்டாம். ஒராள் விழுந்தால் எல்லாரும் வெளியே."

பூ, இவ்வளவுதானா என்று நினைத்தோம். மைதானத்தில் ஒத்திகை பார்த்தபோதுதான் எங்கள் வண்டவாளம் தெரிந்தது. எல்லாம் பறக்கப் பழகிய பைக்குகள். முப்பது அடி போவதற்குள் இரண்டு நின்றன, ஒன்று கொதித்தது. ஊரிலேயே பெரிய பைக் வைத்திருக்கிற மதுஷன், படுக்கப்போகிற எருமை மாதிரி அப்படியே சரிந்து புழுதியில் கிடந்தான்.

"ஐயோ, பம்பரைப் பாருங்கடா!" என்றான். பைக்கில் ஏது பம்பர்? பாவம், விழுந்த அதிர்ச்சி.

அந்த நேரம் பார்த்து வினாயகமூர்த்தி அண்ணன் மைதான ஓரமாக வந்தார். ஒரு கையால் ஹாண்டில், மறு கையால் வண்டிச் சில்லைச் சுற்றிய நாயை விரட்டல். கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலை வரைக்கும் ஊர்ந்து போனார், கால் படவேயில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாய் விட்டவன் நான்தானே!

போய் நின்றேன். "அண்ணே, நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. டஸ்டினுக்கு முன்னால நீங்கதான் ஓடணும்."

அவர் என்னைப் பார்க்காமல் தராசைத் துடைத்தார். "நீங்க கேக்காட்டியும் பின்னால வந்திருப்பன்டா. ஆனா பெட்டியோடதான் வருவன். பின்னால பாரமில்லாட்டி எனக்கு வண்டி நிக்காது."

"மணக்குமே அண்ணே" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மனிசன் பைக்கையும் பெட்டியையும் தேசிக்காய்ப் புளி விட்டு மூன்று தரம் கழுவினாராம். மீனுக்குப் பதிலாகக் கடற்கரை மண்ணை நிரப்பி, மேலே வெள்ளைச் சீலை போர்த்திக்கொண்டு வந்தார். கப்டன் பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தலையாட்டினார்.

பாலத்தடியில் டஸ்டினைக் கொடி போர்த்தி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். வினாயகமூர்த்தி அண்ணன் முன்னால், நாங்கள் பன்னிரண்டு பேர் இரண்டிரண்டாகப் பின்னால். அவருடைய பின் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினோம். பட்டாளத்து வண்டி என்றால் பயத்தில் படலையைச் சாத்திய யுத்தகாலம் எங்கள் தெருக்களுக்கு உண்டு. அன்றைக்கு ஒரு படலையும் சாத்திக் கிடக்கவில்லை. பூனைகளும் வந்தன. தேசிக்காய்க்கு மனிசர் ஏமாறலாம், பூனை ஏமாறுமா? நாலு பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் அணிவகுத்து நடந்தன. மதுஷனுக்குச் சிரிப்பு வந்து பைக் ஆடியது. "விழுந்தியோ, கொன்றிருவன்" என்றேன். அவன் விழவில்லை. ஒருவரும் விழவில்லை.

எத்தல் அன்டியின் படலைக்கு வந்தோம். முற்றம் முழுக்கச் சனம். வாசலில் ஜிலியன் மட்டும்தான், அறைக் கதவு சாத்தியபடி. அப்போதுதான் அது நடந்தது. பதினெட்டு வருசமாக அந்தப் படலையில் பழகிய பெருவிரல், கேட்காமலே போய் அமத்திவிட்டது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

கப்டனின் முகம் இறுகியது. வினாயகமூர்த்தி அண்ணன் கையைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்தார். பதினெட்டு வருசத்தில் முதல் தரமாக, வண்டி நிற்க முன்னமே கால் நிலத்தில் ஊன்றியது.

உள்ளே ஒரு கதவு திறந்தது. எத்தல் அன்டி, கலைந்த தலையோடு, கையில் மீன் சட்டியோடு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். வந்த பிறகுதான் கொடியைக் கண்டார். அப்படியே நின்றார்.

"அன்டி, மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார் வினாயகமூர்த்தி அண்ணன். கண்ணீர் தாடியில் ஓடியது. "கை பழகிப் போயிட்டு."

எத்தல் அன்டி தன் கையிலிருந்த சட்டியைக் குனிந்து பார்த்தார். "எனக்கும்தானே மனே" என்றார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சட்டியை என்னிடம் தந்துவிட்டு இறங்கிப் போய், கொடி போர்த்திய பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"வா மகன், உள்ளுக்கு வா."

கப்டன் தொப்பியைச் சரிசெய்கிற சாட்டில் கண்ணைத் துடைத்தார். ஹோர்னைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து, வீட்டில் எல்லோரும் டஸ்டினின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது எத்தல் அன்டி வெளியே வந்து மீன் பெட்டியின் வெள்ளைச் சீலையை விலக்கிப் பார்த்தார்.

"இதென்ன, மண்ணா? மண்ணைக் கொண்டுவந்தா ஹோர்ன் அடிச்ச நீ? நாளைக்கும் இப்பிடி வந்தியோ, சட்டியாலேயே போடுவன்!"

மறுநாள் வினாயகமூர்த்தி அண்ணன் டஸ்டினுக்குப் பிடித்த இறாலோடு போனார். பெட்டியில் எங்கள் கழகத்து ஸ்டிக்கர், நானே ஒட்டியது. படலையடியில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாராம். பிறகு அடித்தார், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எத்தல் அன்டி சட்டியோடு வெளியே வந்தார்.