கையில் தேடினார்கள், கழுத்தில் இருந்தது

குடிகாரன் என்று சொல்ல அவன் குடித்திருக்க வேண்டாமா? அந்தப் பெயிண்டர் வாழ்நாளில் தொட்ட நெடியுள்ள திரவம் தின்னர் ஒன்றுதான், அதுவும் பிரஷ் கழுவ. ஆனால் அவன் வலது கையிலிருந்து பிரஷ் நழுவியதை மாடி வீட்டுக்காரி பார்த்துத் தொலைத்தாள். மறுநாளே தெரு முழுக்கப் போதை ஏறிவிட்டது.

இருபது வருடமாக அண்ணாந்தபடியே கூரைக்கு வர்ணம் அடித்தவன். இப்போது நடுவிரல் மரத்துப்போனது. ரோலரை மேலே தள்ளினால் முழங்கை தானாக மடங்கிக்கொண்டது. காண்ட்ராக்டர் அவனைச் சாரத்திலிருந்து இறக்கிவிட்டார்.

"தம்பி, போடுறதைக் கொறச்சுட்டு வா."

"நான் போடுறதே இல்ல அண்ணே."

"எல்லாரும் இப்படித்தாம்ப்பா சொல்றாங்க."

வேலையும் போச்சு, பேரும் போச்சு. கை வலித்தால் கோளாறும் கையில்தானே இருக்கும் என்று அந்தப் புத்திசாலி மணிக்கட்டைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு எண்ணெய் தேய்த்தார்கள்.

"போதும்ங்க, கதவுப் பிடிகூட வழுக்குது. டாக்டர்கிட்ட கெளம்புங்க," என்று மனைவி தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவன் கையில் அங்கங்கே சுருக்சுருக்கென்று மின்சாரம் வைத்து, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு சுத்தமாக இருந்தது. இத்தனை நாள் கட்டிய கட்டு வீண். அடுத்து மேற்கையின் பின்பக்கத் தசையில் மெல்லிய ஊசியை இறக்கினார். ஊசியோடு இணைத்திருந்த பெட்டியிலிருந்து படபடவென்று சத்தம் வந்தது.

"கையைத் தளர்த்தித்தானே வச்சிருக்கீங்க? சும்மா இருக்கிற தசை சத்தம் போடக்கூடாது. இது போடுது."

"எங்க மாடி வீட்டு அக்கா மாதிரியா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேனுக்கு எழுதினார். பழைய பெயிண்டைச் சுரண்டுகிற மாதிரி அந்த ஸ்கேன் மெஷின் அரைமணி நேரம் காதருகே கத்தியது. படத்தில் உண்மை வந்து உட்கார்ந்திருந்தது. கழுத்தெலும்பு இரண்டுக்கு நடுவிலிருந்த மெத்தை போன்ற வட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அதன் வேரிலேயே நசுக்கிக்கொண்டிருந்தது.

"மாத்திரை, பயிற்சி ரெண்டும் தர்றேன். கை இன்னும் பலவீனமானா உடனே வாங்க. அண்ணாந்து பாக்குற வேலை மட்டும் இப்போதைக்குக் கூடவே கூடாது."

பெயிண்டர் படத்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் காண்ட்ராக்டரிடம் போனான். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெரிய நிபுணர் மாதிரி கண்ணைச் சுருக்கினார்.

"இதுல குடிக்கலைன்னு எங்கப்பா எழுதியிருக்கு?"

அவன் படத்தில் நரம்பு நசுங்கிய இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"சரி, போகட்டும். பழைய ஆளாச்சேன்னு மன்னிச்சுட்டேன். நாளைக்குப் பெரிய ஹாலுக்கு வந்துரு, கூரையிலேர்ந்து ஆரம்பி."

பெருந்தன்மை என்றால் இதல்லவா! பெயிண்டர் இடது கையை நீட்டிப் படத்தை வாங்கினான்.

"குடிச்சவன் யாராச்சும் வந்தா அந்த மன்னிப்பை அவனுக்குக் குடுங்கண்ணே. எனக்கு வேணாம்."

படத்தை உறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.