அம்பயர் அக்காவின் மூன்று பந்துகள்

காபியில் ஏடு படிந்துவிட்டது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்து ஓடப்போகிறவரைப் போல சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார் அம்பயர் அக்கா. ஜன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. தொலைக்காட்சியிலோ வேறொரு நாட்டின் சாயங்காலம். அந்த பேஸ்பால் மைதானத்தின் பச்சை வெளிச்சம் சுவரில், மடிக்காத துணிக்குவியலில், அக்காவின் கன்னத்தில் எல்லாம் படர்ந்து கிடக்கிறது. “போடாதே… அதை மட்டும் போடாதே… பாரு, போட்டுட்டான்” என்கிறார். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவரைப் போல அவ்வளவு மெல்ல.

இந்த விளையாட்டுகளுக்கும் அவருக்கும் ஒட்டு உறவு எதுவும் இல்லை. வயது ஐம்பத்து நான்கு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது வேலை; அதில் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முன் படிக்கட்டில் கால் பிசகி, கணுக்கால் உடைந்து, இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்போது துணைக்கு இருந்தது ஒரே ஒரு விளையாட்டுச் சேனல். டென்னிஸ், பேஸ்பால், கூடைப்பந்து என்று மாற்றி மாற்றி வந்தது. எலும்பு கூடிவிட்டது, பழக்கம் போகவில்லை. “பந்தக் கையால தொட்டதே இல்ல. தொட்டா மூஞ்சில அடிச்சிடுமோன்னு பயம்” என்று அவரே சிரிப்பார். ஆனால் ஆஸ்பத்திரி கேன்டீனில் எந்தச் சண்டை வந்தாலும் கட்டை விரலைத் தூக்கி “நீ அவுட்டு, போ” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

டென்னிஸில் கோட்டோரம் நின்று பார்க்கிற ஆட்களை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தது அவருக்குத் தீராத மனக்குறை. “மெஷின் அவுட்டுங்குது, அவனும் தலைய ஆட்டிட்டுப் போறான். மெஷின்கிட்ட யாரு கோவிச்சுக்க முடியும்? கோவிச்சுக்க ஒரு ஆள் வேணாமா?” மட்டையைப் புறங்கைப் பக்கமாக ஒற்றைக் கையால் வீசி அடிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கனவில் பேசுவதுபோல் ஆகிவிடும். “ரெண்டு கை போட்டா பலம், நான் இல்லேங்கல. ஒத்தக் கை போட்டா, பறவை.”

கூடைப்பந்து இன்னும் மோசம் என்பது அவர் கட்சி. “எல்லாரும் தெருக்கோடில நின்னே வீசிப் பாக்குறாங்க. மூணு பாயின்ட்டு ஆசை. கூடைக்குக் கீழ வாடகைக்கு விடலாம், அவ்வளவு எடம் காலியா கெடக்கு.”

பேஸ்பாலைத் திட்ட அவருக்கு மனம் வராது. ஆனாலும் பந்து வீச இத்தனை செகண்டுதான் என்று கடிகாரம் வைத்துவிட்டார்களே என்ற ஆற்றாமை உண்டு. “நேரமே பாக்காத ஒரே ஆட்டம் அது. அதுக்கும் கடிகாரத்தக் கட்டிட்டாங்க.” இன்னொரு கவலை வேலையோடு வந்தது. பந்து வீசுகிறவன் கையை உயர்த்தும்போது அவருக்குச் சட்டை தெரிவதில்லை, எலும்புதான் தெரிகிறது. தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல வெளுத்து, அசைந்து, மினுங்குகிற எலும்பு. “வேகம் வேகம்னு முழங்கையப் பிச்சு எடுக்கறாங்க. இந்தப் பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் கத்திதான்.” பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடக்கும். நடந்தால் நாள் முழுக்க முகம் வாடியிருப்பார்.

வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர். கதவு, நிலை, அலமாரி. விளையாடுகிற அத்தனை பேரையும் அவர் “உன் பசங்க” என்றுதான் சொல்வார். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது “உன் பசங்க ஜெயிச்சாங்களா?” என்பார், பதில் வருவதற்குள் செருப்பு மாட்டியிருப்பார். பதினான்கு வருடத்தில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் விடாததால் அக்கா கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். தன் கையாலேயே அவரைப் பலகையோடு நெஞ்சொட்ட நிறுத்தி, தோளைத் திருத்தி, படம் எடுத்தார். திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் மேல்பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெண்புள்ளி.

படம் எடுக்கிறவர் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: “என்ன தெரியுது?”

“டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரு.”

“என்கிட்டயுமா?”

“எல்லார்கிட்டயும்தாங்க.”

டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார். முடிவு வரப் பதினொரு நாள் ஆகும் என்றார்.

அந்த நாட்களிலும் அக்கா விடியலில் எழுந்து தொலைக்காட்சியைப் போட்டார். பந்து இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது. மஞ்சளாக ஏதோ மிதக்கிறது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு பெரிய டென்னிஸ் இறுதி ஆட்டம் முடிந்து, கோப்பையைத் தூக்கி அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, இவள் ஜெயித்தவளா தோற்றவளா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள், வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். “ஏன், இன்னிக்கு யாரையும் திட்டல?”

“எல்லாரும் நல்லாத்தான் ஆடறாங்க.”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். எல்லாரும் நன்றாக ஆடுகிறார்கள் என்று அந்த வாய் சொல்லி அவர் கேட்டதே இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். “சொல்லு. அந்தப் படத்துல என்ன பாத்த?”

அக்கா கை நீட்டி, அவர் சட்டையில் வலது பக்கம், தோளுக்குச் சற்றுக் கீழே, விரலை வைத்தார். “இங்க. இவ்வளவு.” இருபத்தாறு வருடச் சட்டம் அத்தோடு போயிற்று.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானே? மரத்துல முடிச்சு இருக்கும். இருக்கறதால மரம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். பாக்கட்டும்.” சொல்லிவிட்டு இருமினார். அதன்பின் நாற்காலியை அவர் பழையபடி திருப்பவில்லை. தினமும் காலையில் அக்காவின் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் புரியாமல், ஒன்றும் கேட்காமல், அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் விளக்கவில்லை.

பதினோராம் நாள் டாக்டரே எக்ஸ்ரே அறை வாசலுக்கு வந்தார். “பழைய தழும்புதான்க்கா. எப்பவோ நெஞ்சுல சளி கட்டி ஆறியிருக்கு. வேற ஒண்ணுமே இல்ல.” மேசையில் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் காத்திருந்தார். “ஆடாம வெச்சிருங்கய்யா” என்று சொல்லி, பிசிறில்லாமல் படம் எடுத்து முடித்து, அவரை அனுப்பிவிட்டு, அக்கா அறையின் மூலைக்குப் போனார். அங்கே கதிர் தடுக்கிற ஈய அங்கிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் குளிர்ச்சியில் நெற்றியை வைத்துச் சற்றுநேரம் நின்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டபோது மறுமுனையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் ரம்பம் நின்றது. “அப்ப இந்த இருமல்?” என்றார்.

“மரத்தூள். மூக்குல துணி கட்டச் சொல்லி எத்தன தடவ சொன்னேன்!” திட்டத் தொடங்கிய பிறகுதான் அக்காவுக்குக் குரல் உடைந்தது.

இது நடந்து ஒரு வாரம் கழித்து ஒரு காலை. பேஸ்பாலில் ஒன்பது சுற்று முடிந்தும் இரு பக்கமும் சமம். பத்து, பதினொன்று என்று ஆட்டம் நீண்டுகொண்டே போனது. அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஷூ நாடாவை இழுத்துக் கட்டி, பையைத் தோளில் மாட்டி, வாசற்படி வரை போய்விட்டார். திரையில் பந்து பட்டு மட்டை உடைந்தது. ஒரு துண்டு சுழன்று சுழன்று புல்மேல் பறந்தது.

“இரு, இரு” என்று வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “அது என்ன மரம்?”

“எது?”

“அந்தக் கட்டைதான். நார் போற போக்குல நீளமாப் பொளந்திருக்கு பாரு. எவன் கடஞ்சது இத?”

அக்காவுக்கு முழங்கை தெரியும், தோள் தெரியும், யார் எப்போது எதை வீசுவான் என்று தெரியும். “தெரியலையேங்க” என்றார்.

“திரும்பக் காட்டுவாங்களா?”

“காட்டுவாங்க.”

அக்கா கதவைப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து நழுவவிட்டு, சோபாவின் விளிம்பில் அமர்ந்து, குனிந்து, இடது கால் ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.