ஏரிக்கு நடுவில் கேட்டது

சுண்ணாம்புக்குளம் பக்கம் கையால் இறால் பிடிக்கிற பெண்களில் காந்தா கெட்டிக்காரி. ஏரித் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து, சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். அகப்பட்டதைப் போட ஓலைப்பறி, அதன் கயிறு பல்லில். அதனால் வேலை நேரத்தில் பேச்சே கிடையாது. வாயைத் திறந்தால் பறி போய்விடும்.

போன மாசியில் இடது மார்பில் ஒரு கட்டி அவள் கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. மார்பு என்ற சொல்லைப் புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொன்னவளில்லை அவள், டாக்டரிடம் எங்கே சொல்வாள்? எழுதப் படிக்கவும் வராது, போனிடம் வாயால்தான் கேட்க வேண்டும். வீட்டில் கேட்டால் யார் காதிலாவது விழும். கூட்டாளிகள் இருசம்மாளும் மணியம்மாளும் தள்ளிப் போன நேரம் பார்த்து, கவரில் சுற்றித் தலைத்துணிக்குள் முடிந்திருந்த போனை எடுத்து, ஏரிக்கு நடுவில் நின்று கேட்டாள். நாரைகளைத் தவிர யாருமில்லை.

கேட்டதுதான் தாமதம், வீடியோக்கள் வந்து குவிந்தன. ஒருவர் மஞ்சளை அரைத்துப் போடு என்றார். ஒருவர் கத்தி பட்டால் பரவும் என்றார். வெள்ளைக்கோட்டு அம்மா ஒருத்தி உடனே வந்து காட்டு என்றாள். அடுத்தவர் ஆறு மாதம்தான் என்று கெடு வைத்தார். காந்தா எல்லோரையும் நம்பிப் பயந்தாள், ஒருவர் சொன்னதையும் செய்யவில்லை.

இதற்குள் வேறொரு வினை. மூவரும் பழவேற்காட்டில் ஒன்றாகப் போய் வாங்கிய போன்கள் அவை. உங்களுக்கு எதற்குத் தனித்தனியாக என்று கடைக்காரன் மூன்றுக்கும் ஒரே ஐடி போட்டுக் கொடுத்திருந்தான். நோகாமல் வேலையை முடித்த மகராசன். ஒரு போனில் கேட்டது மூன்றிலும் எழுத்தாக நிற்கும் என்று அவன் சொல்லவில்லை, இவர்களுக்கும் தெரியாது. மணியம்மாளின் மகன் அம்மா போனில் எதையோ தேடப் போய் அந்தக் கேள்வியைப் படித்தான். கடைக்காரனைக் கேட்டபோதுதான் ஐடி விஷயம் வெளியே வந்தது. அந்தப் பையனுக்குத்தான் இருசம்மாளின் மகள் கலைவாணியைப் பேசி முடித்திருந்தார்கள்.

மணியம்மாள் யோசித்தாள். தான் கேட்கவில்லை. காந்தா கல்லு மாதிரி இருக்கிறாள். கலைவாணிதான் கொஞ்ச நாளாக இளைத்திருக்கிறாள், அம்மாவின் போனும் அவள் கையில்தான் இருக்கிறது. பெண்ணை டாக்டரிடம் காட்டு, அப்புறம் கல்யாணம் பேசலாம் என்று இருசம்மாளிடம் சொல்லிவிட்டு, வேறு கும்பலோடு இறாலுக்குப் போகத் தொடங்கினாள். சேதி பரவியது. எதிரே வருகிறவர்கள் கலைவாணியின் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தார்கள். இல்லாத நோயைக் காட்ட நான் ஏன் போக வேண்டும் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது தான் ஏரியில் கேட்ட கேள்வி என்று காந்தாவுக்குப் புரிந்தது. சொன்னால் தன் உடம்பு ஊர்ப்பேச்சாகும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கும். என்ன பிழைப்பு இது என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஒரு நாள் தண்ணீரில் இருசம்மாள் பறியைக் கடித்தபடியே அழுதாள். காந்தா தன் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இருசு, அத்தக் கேட்டது நாந்தான். கட்டி எனக்குத்தான் கீது. மணியம்மாகிட்டயும் நானே சொல்லிட்றேன்."

இருசம்மாள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததைக் காந்தா பார்த்துவிட்டாள். அப்புறம்தான் இருசம்மாள் அவள் கையைப் பிடித்து, எத்தனை நாளாக என்று கேட்டாள். நாளைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதாகக் கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். காந்தா பறியை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தாள்.