பன்னிரண்டு காட்டிய தராசு

உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள் சுலக்ஷனா. கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டுவாள், ஜன்னல்வரை நடப்பாள், வாய்விட்டுப் படிப்பாள், திரும்பி வந்து அழிப்பாள். லிந்துலைக் கடைத்தெருவில் பைஸரின் போன் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் பலகை அறைதான் அவளுடைய ஆபீஸ். சிக்னல் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கிறது.

“தங்கச்சி, நீங்க நடக்குற நடைக்கு மேசையில வச்ச ஸ்க்ரூ எல்லாம் உருண்டு ஓடுது. கொஞ்சம் குந்துங்களேன்!” என்று கீழிருந்து பைஸர் கத்துகிறார்.

“குந்துனா மூளை ஓட மாட்டேங்குது, நானா.” அண்ணன் முறையில் பைஸர் அவளுக்கு நானா.

உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்காது. செருப்பு நுனி தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இடம் மாறிப் போனதுண்டு. பிளேன்டீயை நின்றபடிதான் குடிப்பாள். அதையும் பாதியில் மறந்துவிடுவாள்.

வேலை கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசுக்கும் கணக்கப்பிள்ளையின் போனுக்கும் நடுவில் நின்று சேதி கடத்தும் மென்பொருள் லைப்ரரி ஒன்று அவள் பொறுப்பில் இருக்கிறது. தகராறு வந்தால் தராசு வெறும் எண்ணைத்தான் அனுப்பும். ஏழு என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. பன்னிரண்டு என்றால் தட்டு ஆடுகிறது, எடை எடுக்க முடியவில்லை. யாரோ எழுதிவிட்டுப் போன பழைய லைப்ரரி அந்த எண்ணை அப்படியே போனுக்குத் தள்ளிவிடும். போனில் எண்ணுக்கென்று இருந்தது ஒரே கட்டம்: எடைக் கட்டம்.

அதில்தான் அவளுடைய அம்மா அழகம்மா மாட்டிக்கொண்டாள். சாக்கு பிதுங்கப் பிதுங்கக் கொழுந்து. திரையில் பன்னிரண்டு. திரை சொல்வதுதான் கணக்கு என்பது தோட்டத்து ஆபீஸ் உத்தரவு. கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் பன்னிரண்டு கிலோ என்று பதிந்துவிட்டார். முழுநாள் வேலைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் விழுந்தது.

“சாக்க ஒருதரம் தூக்கிப் பாருங்கய்யா” என்றிருக்கிறாள் அழகம்மா.

“மெஷினு பொய் சொல்லுமா, நீ சொல்லுவியா?”

அம்மா இதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மகளுக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. முதல் வேலையாக, தராசு தடுமாறினால் எடைக் கட்டம் காலியாகவே நிற்கும்படி மாற்றினாள். பதியும் பட்டனும் திறக்காது. எண்ணுக்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதில்தான் வாரக்கணக்காக நடை.

கம்பெனி அனுப்பிய தமிழைப் பைஸருக்குப் படித்துக் காட்டினாள்: “நிலையற்ற நிறை உணரப்பட்டது.”

“இதென்ன, வானிலை அறிக்கையா?”

அழித்தாள். ‘சாக்கு ஆடுகிறது’ என்று எழுதினாள். ஜன்னல்வரை போய் வந்தாள். சாக்கு என்று சொன்னால் திட்டு சாக்கைச் சுமந்து வந்தவளுக்குத்தான் விழும். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அதையும் அழித்தாள். கடைசியில் நின்றது இது: ‘தராசு ஆடுகிறது. இன்னும் நிறுக்கவில்லை. ஆட்டம் நின்றதும் எடை வரும்.’

புது வரியின் பரீட்சைக்குத் தோட்டத்து மேனேஜர் துரை ஒரே ஒரு மத்தியான நிறுவையைத்தான் கொடுத்திருந்தார். கணக்கப்பிள்ளை வேண்டாமென்றால் பழையதே திரும்பிவிடும்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் பலகைத் தரையில் தராசு. வரிசையின் தலையில் அழகம்மா. ஆண்டியப்பனின் தோளுக்குப் பக்கத்தில் சுலக்ஷனா.

“என்னா பாப்பா, படிச்சவ வந்து நின்னா தராசு பயந்துக்குமா?” என்றார் ஆண்டியப்பன்.

“அது பயப்பட வேணாங்கய்யா. பேசுனா போதும்.”

சாக்கு ஏறியது. எடை வரவில்லை. ஆண்டியப்பன் திரையிலிருந்ததை உரக்கப் படித்தார். காத்திருந்தார். மறுபடியும் அதே வரி.

“மழை வருதுங்க, சட்டுனு போடுங்க!” என்று பின்னாலிருந்து ராசம்மா குரல் கொடுத்தாள். வரிசை நெருக்கியது. சுலக்ஷனா ஆண்டியப்பனின் முகத்தையே பார்த்தாள். ‘வேண்டாம், பழையதே இருக்கட்டும்’ என்று இவர் இப்போது சொல்லிவிட்டால்?

ஆண்டியப்பன் அழகம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து தராசைப் பார்த்தார். அதன் காலைப் பார்த்தார். அது நின்ற பலகையைப் பார்த்தார். பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. பலகையோடே அவர் பார்வை நகர்ந்து, தன் பக்கத்திலேயே தட்டிக்கொண்டிருந்த ஒரு செருப்பில் வந்து நின்றது.

“பாப்பா,” என்றார், “தராசு ஆடுதாம்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. “எங்கள ஆட்டுனது போதாதுன்னு தராசையும் ஆட்டுறாளே!” என்றாள் ராசம்மா.

சுலக்ஷனா பலகையைவிட்டு மண்ணில் இறங்கினாள். கட்டத்தில் இருபத்து நாலு ஏறி நின்றது. “ம், இது இருக்கட்டும். அடுத்த ஆளு வாங்க” என்று ஆண்டியப்பன் பட்டனை அழுத்தினார்.

மண்ணில் நின்றவள் வலது முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சாக்கு இறங்கும்வரை விடவில்லை.