அக்கா வீட்டு பிரவுசர்

அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர்களும் அவளை விடுவதில்லை. விசேஷ வீட்டில் கை நனைக்கப் போகும் நேரத்தில்கூட யாராவது போனை நீட்டுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்கா வீட்டில் அக்காவும் மகளும் மட்டும்தான். பழைய லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறது என்று அக்கா புலம்பியதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போய் உட்கார்ந்தாள்.

"பிரவுசரை மாத்திடலாம். உனக்கு எப்படி வேணும்க்கா?"

"எனக்கென்னடி தெரியும்? சட்டுனு திறக்கணும். என் தையல் வகுப்பு வீடியோ நடுவுல நிக்கக் கூடாது."

இருப்பதிலேயே வேகமானதைப் போட்டாள். லேப்டாப்பில் தேடுவதைப் போனிலும் எடுத்துக் கொடுக்கும் வசதி அதில் இருந்தது. லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த மகளின் கணக்கோடு இணைக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டது. தனித்தனியாகப் பிரிக்கலாமே என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நடுவே என்ன ஒளிவு மறைவு? சரி என்று தட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

மகளுக்கு வெளியூரில் முதல் வேலை கிடைத்திருந்தது. போகப்போகும் ஊரில் மார்க்கெட் எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஒரு நாள் தன் போனில் 'மார்' என்று தட்டினாள். மீதியை பிரவுசரே எழுதியது: 'மார்பில் கட்டி வலிக்காமல் இருந்தால்'.

"சித்தி, அம்மாவுக்கு என்ன? மறைக்காம சொல்லுங்க," என்று உடனே போன் செய்தாள்.

இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வரி எப்படிப் போனுக்கு வந்தது என்பது மட்டும் உடனே தெரிந்துவிட்டது. அப்படியே அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

போய்ப் பார்த்தபோது, பாதி அடுக்கிய பெட்டியை மகள் காலி செய்துகொண்டிருந்தாள். "நான் போகலை. வேலையாவது ஒண்ணாவது." அக்கா சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படியும் தெரியத்தானேக்கா போகுது," என்று இவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"தெரியட்டும். அவ ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்புறம், டாக்டரைப் பாத்துட்டு, நானே என் வாயால சொல்லணும்னு இருந்தேன்டி. முந்திக்கிட்டு உன் மெஷின் சொல்லிடுச்சு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா மறுபடி பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அன்றே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பரிகாரம் தேடுகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். மாற்றாக முதலில் போட்டுப் பார்த்த பிரவுசர் யாரையும் வேவு பார்க்க விடாது. ஆனால் கேமராவையும் சேர்த்துப் பூட்டிவிட்டது, தைத்ததைக் காட்ட முடியாமல் தையல் வகுப்பு கெட்டது. அடுத்தது காற்றாய்ப் பறந்தது, வீடியோ மட்டும் ஓடவில்லை. கடைசியில் நடுத்தரமாக ஒன்று அமைந்தது. பழையதன் வேகம் இல்லை, ஆனால் இணையத்தில் பின்தொடர்ந்து வேவு பார்ப்பவர்களைத் தடுக்கும். ஆளுக்கொரு தனி இடம் உண்டு. மூடினால் தேடியதை மறந்துவிடும். பழையதை அழிக்கும்போது அக்கா தேடியவை வரிசையாகக் கண்ணில் பட்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் இரண்டு மூன்று வரி படித்தாகிவிட்டது.

கட்டி கெட்டது இல்லை என்று டாக்டர் சொன்னார். சின்ன அறுவை சிகிச்சையோடு முடிந்தது. அலுவலகத்தில் அவகாசம் கேட்டு வாங்கிய மகள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, பிறகுதான் வேலைக்குப் போனாள். "நல்ல வேளை சித்தி, தெரிஞ்சுது. இல்லாட்டி அம்மா ஆஸ்பத்திரிக்குத் தனியால்ல போயிருப்பாங்க," என்றாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள இவளுக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் யார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும், "இதை யார் யார் தொடுவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறாள். கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தாள். வகுப்பு நன்றாக நடக்கிறதாம், வீடியோ நடுவில் நிற்பதே இல்லையாம். பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

"ஏன்டி, இதுல நான் என்ன தேடினாலும் உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"நிஜமா?"

"நிஜமாக்கா," என்றாள். அக்கா அதை நம்பினாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.