பொய்மழைக்கு எதிராக ஒரு மனு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை வாயில் காட்டினால் வம்பு என்பதால் எழுத்தில் காட்டிப் பழகிவிட்டேன். காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் தொழில். அடுத்த வருஷத்து ராகுகாலம், நல்ல நேரம், சுபமுகூர்த்தம் எல்லாவற்றையும் இந்த வருஷமே எழுத்துப் பிசகாமல் பார்த்து முடித்துவிடுவேன். ஊருக்கெல்லாம் நல்ல நேரம் பார்க்கிற ஆள் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் மனு எழுதுவேன். எரியாத தெருவிளக்கு, தூர்வாராத சாக்கடை, வந்து நின்றுபோன முதியோர் பென்ஷன் என்று யார் வந்து கேட்டாலும் எழுதித் தருவேன். காசு வாங்குவதில்லை. ஆனால் "நீங்க எழுதினா தனி" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாக இறங்கும்.

அப்படி எழுதிய மனுக்களில் ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். அதில் நான் ஜெயித்தேன். ஜெயித்ததால் ஒரு பெண்ணின் உடம்புக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்த நிம்மதி போய்விட்டது.

எங்கள் ஊர் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனி வண்டிகள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் நகராட்சிக்கு, ஏழைகள் வசிக்கும் பகுதியில் பொழுதுபோக்கு வசதி செய்வதற்கென்று பணம் வந்தது. காலனியை ஒட்டிய பூங்காவில் ஊஞ்சல் போட்டிருக்கலாம், நாலு மரம் வைத்திருக்கலாம். புதுமையாக ஏதாவது செய்தால்தான் பத்திரிகையில் படம் வரும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. செயற்கை மழை நடன மேடை அமைத்தார்கள். தலைக்கு மேலே இரும்புக் குழாய்கள், அவற்றில் பொடிப் பொடியாக ஓட்டைகள், ஓரத்தில் கலர் விளக்கு, ஒரு ஸ்பீக்கர். பொத்தானை அமுக்கினால் பாட்டோடு மழை பெய்யும். பெய்த தண்ணீர் கீழே தொட்டியில் சேர்ந்து திரும்ப மேலே ஏறும். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரம் ஆண்களுக்கு. கட்டணம் கிடையாது.

திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். சித்திரை வெயில். கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள் கையில் ஒட்டிய வெடிமருந்துச் சில்வர் பவுடரைக்கூடக் கழுவாமல் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பொத்தானை அமுக்கினார்கள். முதல் துளி விழுந்ததுதான் தாமதம், கூட்டத்தில் பாதிப் பேர் "அள்ளு! அள்ளு! ஏ, அள்ளுங்கடி!" என்று கத்திக்கொண்டு குனிந்து ஓடினார்கள். சிலர் வெறுந்தரையைக் கையால் வாரக்கூடத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கம்பெனியில் வெளி மேடையில் வெடியைக் காயப்போட்டிருக்கும்போது தூறல் விழுந்தால் எதைப் போட்டுவிட்டாவது ஓடிப்போய் அதை அள்ளி உள்ளே சேர்க்க வேண்டும். நனைந்த மருந்து சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டாலும் சரக்கு போயிற்று, அன்றைய கூலியும் போயிற்று. சிறு வயதிலிருந்து அந்த வேலையே செய்தவர்களுக்கு மழை என்றால் முதலில் கைதான் நீளும், புத்தி பிறகுதான் வரும். தரையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழா மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கே அதற்குப் பொய்மழை என்று பெயர் விழுந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு தடவை வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கு லீவு போட்டுக் காத்திருப்பார்கள். மேகத்தைக் கண்டாலே கூலி போச்சே என்று நெஞ்சடைக்கிற ஜனங்களுக்கு மழையை விளையாட்டுச் சாமானாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழைகளுக்குப் பொழுதுபோக்கு வேண்டாமா என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "முதல்ல குடிக்கத் தண்ணி குடுங்கய்யா, பொளுத அவுகளே போக்கிக்கிடுவாக" என்றேன். கடையே கைதட்டியது.

அச்சகம் விட்டு வரும் வழியில் ஒரு மாதம் போலப் பூங்காவைக் கவனித்தேன். பெண்களுக்கான நேரத்தில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பாட்டு அலறும். ஒருத்தியும் ஆடமாட்டாள். கட்டிய சேலையோடு நனைந்தபடி ஓரத்துத் திண்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி தினமும் வருவாள். குழாய்க்கு நேர் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, மணியடிக்கிற வரை அசையமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும், எங்கள் அடுத்த தெருதான். முன்னே ஒரு கம்பெனியில் நடந்த விபத்தில் தீக்காயம் பட்டு, பிழைத்து வந்து, இப்போது வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். பாவம், போக இடமில்லாமல் வந்து உட்காருகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். மனுவுக்கு அது நல்ல ஆதாரமாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

மனு இரண்டு பக்கம். குடிநீருக்கு வழியில்லாத பகுதியில் பொதுப்பணம் இப்படி நீராய் ஓடலாமா என்று ஆரம்பித்தேன். மின்சாரச் செலவைப் பற்றி ஒரு பத்தி. அதற்குப் பிறகு, நானே மெச்சிக்கொண்ட அந்த வாக்கியம்: "நடனத்திற்கென அமைக்கப்பட்ட இம்மேடையில் எவரும் நடனமாடுவதில்லை; சிலர் வெறுமனே அமர்ந்திருக்கிறார்கள்." முதலில் "சும்மா" என்றுதான் எழுதியிருந்தேன். அது பேச்சு வழக்கு, மனுவில் நிற்காது என்று அடித்துவிட்டு "வெறுமனே" என்று திருத்தினேன். டீக்கடையில் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். காலனியில் நான் யாரிடமும் கையெழுத்துக் கேட்கப் போகவில்லை. அவர்களுக்காகத்தானே எழுதுகிறோம், அவர்களை எதற்கு அலையவிட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆவணி பிறப்பதற்குள் பொய்மழை நின்றுவிட்டது. குழாய்களைக் கழற்றி பூங்கா மூலையில் அடுக்கி வைத்தார்கள். டீக்கடையில் எனக்கு அன்று டீ இலவசம். நல்ல தண்ணீர் மட்டும் பத்து நாளுக்கு ஒரு தடவைதான் வந்தது. மனுவில் கேட்ட இரண்டில், நிறுத்தச் சொன்னதை உடனே செய்தார்கள். கொடுக்கச் சொன்னதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் பரிசீலிக்கிறார்கள்.

அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஈரத்துண்டை முதுகில் போட்டு அதன்மேல் சேலையை இழுத்து மூடியிருந்தாள்.

"அண்ணாச்சி இருக்கீகளா? ஒரு மனு எளுதணும்."

"வாம்மா, உக்காரு. என்ன, பென்ஷனா?"

"இல்ல அண்ணாச்சி. அந்தப் பொய்மளையத் தொறந்து விடச் சொல்லி எளுதணும். நீங்க எளுதினா கேப்பாகன்னு எல்லாரும் சொன்னாக."

எதற்கம்மா அது என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

"எனக்குத் தொடையில இருந்து தோலை எடுத்து முதுகுல வச்சாகல்ல, அந்தத் தோலு வேர்க்காது அண்ணாச்சி. டாக்டரம்மா அப்பவே சொன்னாக. சூடு உள்ளுக்குள்ளேயே நிக்கும். வெயில் காலத்துல முதுகுல அடுப்பக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். அரிப்பு வேற, சொறிஞ்சா கிளிஞ்சிரும். வீட்டுல தகரம். ஊத்திக்கிடுறதுக்குத் தண்ணி எங்கன இருக்கு? குடிக்கிற தண்ணிய முதுகுல ஊத்தினா பிள்ளைக எதைக் குடிக்கும்? அங்கன ஒரு மணி நேரம் உக்காந்தா ராத்திரி தூங்கிருவேன். அம்புட்டுத்தேன்."

"அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"போர்த் தண்ணிதேன். ஒரே உப்பு, வாயில வைக்க ஏலாது. அதக் குடிக்கவா போறோம்? என்னைய மாதிரி இன்னும் ஆறேளு பேரு வருவாக அண்ணாச்சி. பக்கத்து காலனியில இருந்து ஒரு அக்கா வரும், அதுக்குக் கையி, களுத்தெல்லாம் வெந்தது."

உப்புத் தண்ணீர். ஒரு வாய் அள்ளிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் தடுத்து நிறுத்திய தண்ணீர் யாருடைய குடத்துக்கும் போயிருக்க முடியாது. திண்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெந்தவர்கள் என்பதை ஒரு மாதம் நின்று பார்த்தும் நான் பார்க்கவில்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அதை அவளிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதல் மனுவுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. இந்த மனுவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. வேர்க்காத தோலைப் பற்றி எழுதினேன், உப்புத் தண்ணீரைப் பற்றி எழுதினேன், மேடைகூட வேண்டாம், கோடையில் ஒரு குழாயை மட்டும் திறந்துவிட்டால் போதும் என்று கெஞ்சினேன். அவள் பெயரில் எழுதி, அவளிடமே கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தேன். நான் முதலில் எழுதியதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவுண்டரில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளாததில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் சர்க்கார் தமிழ் ஓடாது. "என்ன போட்டிருக்கு, வாசிங்க" என்று சொல்லிவிட்டு ஈரத்துண்டு போட்ட முதுகை மின்விசிறிக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். பார்வையில் காணும் மனு, உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது, இப்படிப் போயிற்று. மூன்றாவது பத்திக்கு வந்ததும் என் கண் வாயை முந்திக்கொண்டு ஓடிவிட்டது, வாய் நின்றுவிட்டது. தாவிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாழ்நாள் முழுக்க ஒரு வரி விடாமல் வாசித்துச் சம்பளம் வாங்கியவன் நான். வாசித்தேன். "நடனத்திற்கென அமைக்கப்பட்ட மேற்படி மேடையில் எவரும் நடனமாடுவதில்லை எனவும், சிலர் வெறுமனே அமர்ந்திருப்பதாகவும் பொதுமக்களிடமிருந்து பெறப்பட்ட புகார் மெய்யென அறியப்பட்டதால், நோக்கம் நிறைவேறாத மேற்படி வசதியை மீண்டும் இயக்க இயலாது."

"வெறுமனேன்னா என்ன அண்ணாச்சி?"

"சும்மா. சும்மா உக்காந்திருக்கிறது."

"ஆமா, சும்மாதேன் உக்காந்திருந்தோம்" என்றாள். கோபமில்லாமல், கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "வேற எங்கன போயி சும்மா உக்காருறது? யாரு இதப் போயி எளுதினது?"

"நான்தாம்மா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடிதண்ணீருக்காகத்தான் எழுதினேன் என்றேன், உங்களுக்காகத்தான் எழுதினேன் என்றேன், உப்புத் தண்ணீர் என்று தெரியாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அசிங்கமாக இருந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் ஏழைகளுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் விளையாட்டு என்றுதான் சொல்வேன். அந்த வாதத்தில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் முன்னால் அது ஒரு காசு பெறவில்லை.

"நம்ம அடுத்த தெருதான அண்ணாச்சி" என்றாள். "என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

இன்னொரு மனு போடலாம், அந்தப் புகாரைக் கொடுத்தவனே நான்தான் என்று எழுதி என் கையெழுத்தையே போட்டுத் தருகிறேன், திறக்காமல் எங்கே போய்விடுவார்கள் என்று படபடவென்று பேசினேன். பேனாவையும் எடுத்துவிட்டேன். அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள். முதுகில் காய்ந்துபோயிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி, விடுங்க. மறுபடி தொறந்தாலும் ஆடச் சொல்லுவாக. இந்தத் தோல வச்சிக்கிட்டு என்னால கையத் தூக்க முடியாது."