கண்ணாடிப் பெட்டிக்குள் துரைச்சாமி

போன வாரம் சின்னக்கானலில் ஒரு கரடியைப் பார்த்தேன்.

காட்டுக் கரடி இல்லை... பொம்மைக் கரடி. ஒரு கண் கண்ணாடி, மறு கண் சட்டைப் பித்தான். பழைய துரை பங்களாவை எஸ்டேட் கம்பனி ரிசார்ட் ஆக்கிவிட்டது. அதன் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. கீழே அட்டை: 'துரை மகளின் பொம்மை. தொடாதீர்கள்.'

"அந்தப் பித்தான் எங்கப்பா சட்டையில உள்ளது சார்."

சொன்னவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய அம்மா இதே பங்களாவில் ஆயா. துரை குடும்பம் கப்பலேறப் புறப்பட்ட அன்று, ஐந்து வயதுப் பேச்சியின் கையில் துரையம்மா கொடுத்துவிட்டுப் போன கரடி. பெயர் துரைச்சாமி. பேச்சி கொழுந்தெடுக்கப் போனார், கல்யாணம் கட்டினார், புருஷனைப் பறிகொடுத்தார்... தொழிலாளர்களுக்குக் கம்பனி கொடுத்த லயத்து வீட்டு மூலையில் துரைச்சாமி அப்படியே இருந்தான். வயிற்று வைக்கோலை எலி தின்றபோது, ஃபேக்டரி தரையில் கூட்டித் தள்ளிய தேயிலைத் தூசியை அடைத்துத் தைத்திருக்கிறார்.

பிறகு ரிட்டையர்மென்ட். லயத்தைக் காலி செய்ய வேண்டும். கத்தி, கூடை என்று கம்பனிச் சாமானை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கிளார்க் கேட்டிருக்கிறார்.

"பங்களாவுல குடுத்த பொம்ம ஒண்ணு இருக்குன்னு நாந்தான் சார் வாயக் குடுத்தேன். எழுதிக்கிட்டாரு."

வீடு கம்பனியுடையது, விறகு கம்பனியுடையது, நோய்க்கு மாத்திரையும் கம்பனி கொடுத்தது. அப்படி வாழ்ந்தவருக்கு, தனக்கென்று ஒரு பொருள் இருக்கலாம் என்றே தோன்றவில்லை. இதற்குப் பெயர் நேர்மையா? எனக்குத் தெரியவில்லை.

"திருப்பிக் கேட்டீங்களா?"

"மூணு வாட்டி. அப்புறம் இங்கயே கூட்டுற வேலைக்கு வந்துட்டேன். அவன் இங்கதான இருக்கான்?"

நானும் மேனேஜரிடம் கேட்டேன். சின்ன வயசு மலையாளி, நல்ல சிரிப்பு. "அவங்க சைன் போட்டுக் கொடுத்ததாக்கும் சாரே."

அந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளியின் குழந்தை கரடி வேண்டுமென்று அழுதது. பெட்டி உடனே திறந்தது! குழந்தை கரடியைக் காலைப் பிடித்துத் தூக்கியது. போட்டோ எடுத்தார்கள். வயிற்றுத் தையல் விட்டு, கம்பளத்தில் கறுப்பாய்க் கொட்டியது.

"ஒரிஜினல் இங்கிலீஷ் ஸ்டஃபிங்," என்று விருந்தாளிக்கு விளக்கினார் மேனேஜர். அப்புறம், "சேச்சி, அதை ஒண்ணு கூட்டிக் களையூ."

பேச்சியம்மாள் கூட்டினார். தூக்கிப் போடச் சொன்னதைக் களையவில்லை. முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டு கேட்டார்: "இதுக்கும் கையெழுத்துப் போடணுமா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

யார் தொடக் கூடாது என்று அந்த அட்டையில் இல்லை... எழுதித்தான் தெரிய வேண்டுமா?